ஒரு கிலோச் செய்மதி

இராவணா-1 என்ற பெயரைக் கேட்டு, பெரியதோர் இயந்திரத்தை மனதிற் கண்டவர்கள் நம்மிற் பலர். உண்மையில் அது ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தின் பருமனும் நிறையும் கொண்ட சிறு பெட்டி. யப்பானின் கியூசூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்குக் கற்கச் சென்ற இரு இலங்கைப் பொறியியலாளர் அதை அங்கேயே உருவாக்கினர். நேபாளத்தவரும் யப்பானியரும் தத்தமக்கு ஒவ்வொன்று செய்தனர். 2019 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து சரக்குக் கலமொன்றில் சர்வதேச விண்வெளி நிலையம் சென்ற இம்மூன்றும், ஜூன் 17இல் அங்கிருந்து வெளியே விடப்பட்டன.

இலங்கையையும் சுற்றுப்புறத்தையும் படம் பிடிப்பது இராவணாவின் பரீட்சார்த்தப் பணிகளுள் ஒன்று. அப்படியானால் நமது வயலுக்கு அதனால் என்ன பயன் என்று கமக்காரர் கேட்பது நியாயமே. ஒளிக்காமல் சொல்வதானால், நேரடிப் பயன் சொற்பம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், ஒன்றரை மணித்தியாலத்திற்கு ஒரு தடவை பூமியைச் சுற்றும் இச்செய்மதி, நம் தலைக்கு மேலே வந்தாலும் சில நிமிடங்களில் அடிவானத்தைத் தாண்டிவிடும். சின்னஞ்சிறு கமராவுக்கு வரம்பும் வாய்க்காலும் தெரியா. காலபோக மழை முகில் மூடினால் ஊரே தெரியாது.

முகிலை ஊடுருவிப் பார்க்கும் ராடர் படங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவின் சென்ரினல்-1 செய்மதி எடுப்பவற்றை 2014 முதல் எவரும் பணமின்றிப் பெறலாம். வெள்ளம் நின்ற வயல் எது, நாற்று நின்ற வயல் எது என்று அவற்றிலிருந்து கணிக்க முடியும். ஆக, நமக்குப் படம் பஞ்சமில்லை. அதை வாசித்து, கமநல சேவை நிலையம் வரை கொண்டுவரும் ஆட்களே வேண்டும். இராவணாவின் பெறுமதியையும் இந்தக் கண்கொண்டே நாம் அளக்கிறோம். மின்கலம், வானொலி, கமரா, கட்டுபெத்தையிலுள்ள தரை நிலையம் என்று முழு வேலையையும் கைபட்டுக் கற்றவர்கள் உருவானார்கள் அல்லவா?

இன்னொரு பணியை நாம் விசேடமாகக் குறிப்பிட வேண்டும். 'லோரா' எனப்படும் முறையில், மிகக் குறைந்த மின்சாரத்தில் சிறு தகவல்களை நெடுந்தூரம் அனுப்பலாம். இராவணா அதையும் பரீட்சிக்கச் சென்றது. தொலைபேசிக் கோபுரம் எட்டாத காட்டுக் குளமொன்றின் நீர்மட்டத்தை, அணைக்கட்டில் வைத்த சிறு கருவி தானே அறிவிப்பதற்கு இது வழி. படங்களைவிட இதுவே நம் கிராமங்களுக்கு நெருங்கியது.

இராவணா 2021இல் வளிமண்டலத்தில் எரிந்து போயிற்று. அவ்வளவு தாழ்வாகச் சுற்றுபவை நெடுநாள் நிலைப்பதில்லை. இதே பல்கலைக்கழகத்தில் முந்திய அணியிற் பயின்ற பூட்டானின் முதற் செய்மதி 2018இல் மேலே சென்றது. 2022 நவம்பரில் பூட்டான் பொறியியலாளர், இந்தியருடன் கூடி, தம் நாட்டின் காடுகளையும் இயற்கை வளங்களையும் படம் பிடிக்கும் இன்னொன்றையும் அனுப்பிவிட்டனர்.