நான்காவது வால்வு

பிள்ளைக்குத் தொண்டை வலித்தால் கல்லுப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்வோம். கள்ளக்குறிச்சியிலும் அதுதான், கல்வராயன் மலைமேல் கரியாலூரிலும் அதுதான். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் வேலையாக இருந்தால், சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் வரும். ருமாட்டிக் காய்ச்சல் என்பது இதுதான். கிருமியை விரட்டக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் இதய வால்வையும் தாக்கிவிடும். வால்வு மிகவும் கெட்டுவிட்டால் செயற்கை வால்வு பொருத்த வேண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் அது வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ்.புவனேஸ்வரும் அடங்கிய குழு, அதை இங்கேயே செய்ய முனைந்தது.

பார்க்க எளிய பொருள்தான்: ஓர் உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் வட்டத் தகடு. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி முறை திறந்து மூட வேண்டும். முதல் மாதிரியில், தகட்டைத் தாங்க வளையத்தில் பற்றவைத்த கம்பி முறிந்தது. இரண்டாவதில், நீலக்கல் தகடு வளையத்தின் டைட்டானியத்தை அரித்துத் தின்றது. மூன்றாவதில் வளையத்தைக் கோபால்ட் கலப்புலோகத்துக்கு மாற்றினார்கள். செம்மறியாடுகளுக்குப் பொருத்தினார்கள், நன்றாகத்தான் இருந்தன. திடீரென்று ஓர் ஆடு செத்தது. அறுத்துப் பார்த்தால் நீலக்கல் தகடு உடைந்திருந்தது.

கடினமான பொருளைத் தேடியதுதான் பிழை என்று அப்போது புரிந்தது. நான்காவது மாதிரியில் தகடு பிளாஸ்டிக் ஆனது. பால் பாக்கெட்டின் பாலிஎத்திலீனுக்கு உறவுதான்; ஆனால் செயற்கை இடுப்பு மூட்டில் தேய்மானம் தாங்கும் உறுதியான வகை. முறிந்த கம்பிக்கு விடை உலோகவியலில், உடைந்த தகட்டுக்கு விடை பாலிமர் வேதியியலில். கத்தி பிடித்தவர் மட்டும் இருந்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்காது.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரிப்பை ஏற்றது; இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

ஆனாலும் வால்வோடு வாழ்வது லேசல்ல. ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அளவு சரிதானா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அதற்காக ஒவ்வொரு முறையும் மலையிறங்குபவருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

ஆகவே, பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டைவலி என்றால் கொப்பளிப்பதோடு நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அந்தக் கிருமிதான் என்றால், பழைய பெனிசிலினே போதும்.