லிங்கனின் பாட்டனார்

ஐக்கிய அமெரிக்காவின் பதினாறாவது சனாதிபதியாகிய ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றைப் பலரும் அறிவர். அவருடைய பெயரையே தமக்கும் பெயராகக் கொண்டு, அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்க் கென்ரக்கிக் காட்டிலே மாண்டுபோன பாட்டனாரை அறிந்தோர் மிகச் சிலரே. உண்மையில் லிங்கனே அவரைப்பற்றி அதிகம் அறிந்திருந்தாரல்லர். 1848ஆம் ஆண்டிலே, லிங்கன் காங்கிரசின் அங்கத்தவராயிருந்தபோது, மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் என்னும் ஊரைச் சேர்ந்த சாலமோன் லிங்கன் என்பவருடன் வமிச வரலாறு பற்றிக் கடிதத் தொடர்பு கொண்டார். தம் தந்தையார் ஆறு வயதிலே தந்தையை இழந்து, புதிய நாட்டில் வறுமையிடையே கல்வியின்றி வளர்ந்தவர். தாம் முன்னோரைப்பற்றி இவ்வளவு குறைவாக அறிந்திருப்பதற்கு அதுவே காரணமாதல் வேண்டும் என்று அதிலே எழுதினார்.

அவர் அறிந்திருந்தது ஒரு கதை. பாட்டனார் வேர்ஜீனியாவிலிருந்து கென்ரக்கிக்குக் குடிபெயர்ந்தார். காட்டை வெட்டித் தோட்டம் திறந்துகொண்டிருந்த வேளையிலே மறைந்திருந்த செவ்விந்தியர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அருகே நின்ற மக்கள் மூவருள் யோசியா உதவி தேடிக் காவலரணுக்கு ஓடினான். மூத்தவனாகிய மொர்தெகாய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்து, தம்பி தோமஸை நெருங்கிய எதிரியைச் சுட்டு வீழ்த்தினான். அந்தத் தோமஸே பிற்காலத்திற் சனாதிபதியின் தந்தையானார். கேட்ட கதைகள் எல்லாவற்றிலும் இதுவே தம் மனத்தில் ஆழப் பதிந்தது என்று லிங்கன் கூறியுள்ளார். இது நடந்தது 1784ஆம் ஆண்டளவில் என்பது அவருடைய எண்ணம்.

வாய்மொழிக் கதை நிகழ்ச்சியை நன்றாகவே காத்து வைக்கும். ஆண்டைக் காத்து வைப்பதில்லை. ஆண்டை அறியக் காணிக் கடதாசிகளையே நாடவேண்டும். கென்ரக்கி அக்காலத்தில் வேர்ஜீனியாவின் ஒரு பகுதி. ஷோனி முதலிய பூர்வகுடிகள் வேட்டையாடி வந்த அந்நிலத்தை வெற்று நிலமாகக் கருதிய வேர்ஜீனிய அரசாங்கம், திறைசேரிப் பத்திரங்கள் வாயிலாக அதனை விற்றது. 1780ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒருவர் 160 பவுண் செலுத்தி 400 ஏக்கருக்குப் பத்திரம் பெற்றார். பெயர் 'ஆபிரகாம் லிங்க்கோர்ன்' என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதுவினைஞர் காதிற் கேட்டவாறு எழுதிய காலம் அது. லிங்கன் என்ற எழுத்தை மட்டும் தேடுபவர் இந்தப் பத்திரத்தைக் காணாமலே கடந்துவிடுவார்.

பத்திரம் வாங்கிய மாத்திரத்திற் காணி கிடைத்துவிடாது. நிலத்தைத் தெரிந்து, அளந்து, பதிவு செய்தல் வேண்டும். அந்த அளவைக் குறிப்பு இன்றும் உள்ளது. ஜெபர்சன் கவுண்டியில், லோங் ரன் என்னும் ஓடையின் கரையிலிருந்து எல்லை தொடங்குகிறது. கிழக்கே 300 கோல் சென்று ஒரு பொப்ளார் மரத்தையும் சர்க்கரை மேப்பிளையும் அடைகிறது. வடக்கே 213⅓ கோல் சென்று பீச்சு மரத்தையும் டொக்வூட் மரத்தையும், பின்னர் மேற்கே 300 கோல் சென்று வெள்ளை ஓக்கையும் ஹிக்கரியையும் அடைகிறது. தெற்கே திரும்பித் தொடங்கிய இடத்திற்கு வருகிறது. ஒரு கோல் பதினாறரை அடி. கணக்கிட்டால் சரியாக 400 ஏக்கர். மரம் பட்டுப்போனாற் சாட்சியும் போய்விடும். கென்ரக்கியிற் காணி வழக்குகள் மலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்குறிப்பின் அடியிலே அளவையில் உதவியோரின் பெயர்கள் உள. சங்கிலி பிடித்தவர்களில் ஒருவன் மகன் யோசியா. மரங்களிற் கோடரியால் எல்லைக்குறி இட்டவர் ஆபிரகாம் லிங்க்கோர்ன். திகதி 1785 மே 7. அஃதாவது, 1784இல் இறந்தாரெனப் பேரன் எண்ணிய மனிதர், மறு ஆண்டிலே கோடரியும் கையுமாக நிற்கிறார்! அவர் இறந்தது 1786ஆம் ஆண்டு மே மாதம் என்பதே ஆராய்ச்சியாளர் கொண்ட முடிபு. தோமஸுக்கு அப்பொழுது எட்டு வயதளவில் இருக்கலாம்.

ஈராண்டு வேற்றுமைக்காக இத்தனை ஆராய்ச்சி ஏன் என்று நேயர்கள் வினவலாம். இறந்தவரின் உடைமைகள் பற்றிய அலுவல் நெல்சன் கவுண்டி நீதிமன்றில் 1788இலேயே எடுக்கப்பட்டது. அதைக் கண்டு மரணமும் 1788 என்று ஒருவர் முடிவு செய்வாராயின், தோமஸின் வாழ்க்கை விளங்காது போய்விடும். வேர்ஜீனியாவின் பழைய சட்டப்படி, மரணசாசனம் எழுதாது இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே உரியது. அதை மாற்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு அளித்த சட்டம் 1787 சனவரி முதலாந் திகதியே நடைமுறைக்கு வந்தது. எட்டு மாதங்களுக்கும் குறைந்த காலம் அது. ஆபிரகாம் முந்தி மாண்டமையால் நிலம் மொர்தெகாயைச் சேர்ந்தது. தோமஸ் கூலிக்கு உழைக்கும் சிறுவனாய் அலைந்தார். மகனுக்குச் சொல்லக் குடும்ப வரலாறு அவரிடம் இல்லாமற் போனதும் வியப்பன்று.

முன்னோரைத் தேடுவோரை ஏமாற்றும் இன்னொன்று கவுண்டி எல்லை. விதவையான பாட்டியார் பிள்ளைகளோடு குடியேறிய இடம் அன்று நெல்சன் கவுண்டியில் இருந்தது. 1792இல் அது வாஷிங்டன் கவுண்டியாயிற்று. லிங்கன் பிறந்ததோ ஹார்டின் கவுண்டி. ஆதலின், தோமஸ் லிங்கனுக்கும் நான்சி ஹாங்ஸுக்கும் நடந்த திருமணத்தின் பதிவை ஹார்டினிலே தேடியவர்கள் ஒன்றுங் காணவில்லை. காணாத இடத்தில் அவதூறு முளைத்தது. சனாதிபதியின் பிறப்பையே சிலர் பழித்தனர். 1806 சூன் 12இல் நடந்த அத்திருமணத்தின் ஆவணம் 1878இலே வாஷிங்டன் கவுண்டி அலுவலகத்திலிருந்து வெளிவந்தது. அது அத்தனை ஆண்டுகளும் இருக்கவேண்டிய இடத்திலேதான் இருந்தது.

பாட்டனாருக்கு முற்பட்டோர் யார்? பென்சில்வேனியாவின் பேர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்த குவேக்கர் சமயத்தார் என்பது மட்டும் லிங்கனுக்குத் தெரிந்திருந்தது. மசச்சூசெற்ஸ் லிங்கன்களோடு உறவு காண முயன்றதில், ஏனோக்கு, லேவி, மொர்தெகாய், சாலமோன், ஆபிரகாம் என்னும் பெயர்கள் இரு குடும்பங்களிலும் ஒத்திருப்பதற்கு மேல் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்று 1859இல் எழுதினார். மரணசாசனங்களையும் காணி உறுதிகளையும் தொடர்ந்து சென்ற பிற்கால ஆராய்ச்சியாளர் அந்த இடைவெளியை நிரப்பினர். பாட்டனாரின் தந்தை யோன். அவர் தந்தை மொர்தெகாய். அவர் தந்தையும் மொர்தெகாய். அவர் தந்தையே 1637இல் இங்கிலாந்தின் நோர்வோக்கிலிருந்து கப்பலேறி ஹிங்கத்திலே குடியேறிய சாமுவேல் லிங்கன். 1848இல் லிங்கன் கடிதம் எழுதிய ஊரே அது.