உங்களுக்குத் தெரியுமா? – செம்புக் குழாயோடு பிளாஸ்டிக் சேரும் இடம்

◆ ஹார்டுவேர் கடையில் அரை இன்ச் சிபிவிசி குழாயையும் அரை இன்ச் யுபிவிசி குழாயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெயர் அரை இன்ச்தான். ஆனால் சிபிவிசி மெலிந்திருக்கும். யுபிவிசியின் வெளிவிட்டம் 21.3 மி.மீ.; சிபிவிசிக்கு 15.9 மி.மீ. மட்டுமே. சிபிவிசிக்கு அளவு கொடுத்தது செம்புக் குழாய் என்பதே காரணம். அமெரிக்க வீடுகளில் வெந்நீர் ஓடிய செம்பின் இடத்துக்கு வந்த பொருள் அது; அதனால் அதே வெளிவிட்டத்தில் செய்தார்கள். நம் நாட்டின் ஐ.எஸ். 15778 தரமும் அந்த அளவுகளையே எடுத்துக்கொண்டது.

◆ அமெரிக்கச் செம்புக் குழாயின் பெயரளவோடு அரைக்கால் இன்ச் கூட்டினால் அதன் உண்மையான வெளிவிட்டம் கிடைக்கும். அரை இன்ச் குழாய் 5/8 இன்ச் இருக்கும். ஏசி மெக்கானிக் கொண்டுவரும் செம்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர் அரை இன்ச் என்றால் வெளிவிட்டமே அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் வேறு வரிசை: 15, 22, 28 மி.மீ. 15.9-க்கான ஃபிட்டிங்கில் 15 மி.மீ. குழாய் சுலபமாக உள்ளே போய்விடும். சரியாகப் பொருந்திவிட்டது என்றே தோன்றும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடைவெளிதான் பிறகு ஒழுகும், அல்லது அழுத்தத்தில் குழாயையே வெளியே தள்ளும். ஃபிட்டிங் வாங்கப் போகும்போது குழாயின் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே வெர்னியரால் அளந்துவிடலாம்.

◆ ‘சொல்யூஷன்’ என்று நாம் வாங்குவது வெறும் பசை அல்ல. அது சிபிவிசியின் மேற்பரப்பைக் கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. செம்பிடம் அது செல்லாது. செம்பை இணைக்கும் சால்டரிங்கோ 220 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வேலை; சிபிவிசி தாங்குவது 93 டிகிரி வரைதான். ஒன்றின் முறை மற்றொன்றுக்கு உதவாததால்தான் நடுவில் பித்தளை வருகிறது. செம்புப் பக்கத்து சால்டரிங்கை முழுவதும் முடித்து, நன்றாக ஆறவிட்டு, அதன் பிறகே பிளாஸ்டிக்கைத் தொடவேண்டும்.

◆ 1986-இல் அமெரிக்கா தன் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி, குடிநீர்க் குழாய்களில் ஈயம் கலந்த சால்டருக்குத் தடை விதித்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சால்டர் கம்பியில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் ஓடும் குழாயில் அதை வைக்கவே கூடாது.

◆ உலோக மரையின்மேல் பிளாஸ்டிக் பெண் மரையை ஏற்றி முறுக்கினால், பிளாஸ்டிக் வெளிப்பக்கமாக விரிந்து வெடிக்கப் பார்க்கும். சில நேரம் உடனே தெரியாது. சுவரைப் பூசி டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரியும். பிளம்பர் ‘பிராஸ் எஃப்டிஏ’, ‘பிராஸ் எம்டிஏ’ என்று கேட்டால் பத்து இருபது ரூபாய்க்காகப் பேரம் பேசாதீர்கள். உள்ளே பித்தளை மரை பதித்த அந்த ஃபிட்டிங் வெந்நீர் லைனுக்குக் கட்டாயம் வேண்டியது. மரைக்கு டெஃப்லான் டேப் போதும். எண்ணெய் கலந்த பூச்சுகள் சிபிவிசியில் நுண்விரிசல் உண்டாக்கக்கூடியவை.

◆ அந்த டெஃப்லானை 1938-இல் ராய் பிளங்கெட் கண்டுபிடித்தபோது அவர் தேடிக்கொண்டிருந்தது குளிரூட்டி வாயு!

◆ அழுத்திச் சொருகும் ‘புஷ் ஃபிட்’ இணைப்புக்குள் இரண்டு காவலர்கள்: குழாயைக் கவ்வும் ஸ்டீல் பற்கள், நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம். வெட்டிய செம்பின் விளிம்பில் பிசிறு இருந்தால் முதலில் கிழிவது அந்த வளையம். அரத்தால் பிசிறை எடுத்து, எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று குழாயில் கோடு போட்டுக்கொண்டு, கோடு மறையும்வரை தள்ளுங்கள். பெக்ஸ் போன்ற வளையும் குழாய் என்றால் அதன் வாய்க்குள் ஒரு தாங்குகுழலும் தேவை. சில ஃபிட்டிங்குகளில் அது உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் குழாயின் சுவர் உள்வாங்கி, பிடி தளரும்.

◆ பத்து மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் செம்பு 7 மி.மீ. நீளும், சிபிவிசி இரண்டரை செ.மீ.க்கு மேல், பெக்ஸ் சுமார் 6 செ.மீ. வெந்நீர் லைனில் செம்பையும் பிளாஸ்டிக்கையும் இணைத்துவிட்டு, பிளாஸ்டிக்கை இறுக்கமான கிளாம்ப்பால் சுவரோடு பூட்டினால், ஒவ்வொரு குளியலுக்கும் அந்த விசை போய்ச் சேர்வது இணைப்பின் கழுத்தில்தான். குழாய் நகர வழிவிடும் கிளாம்ப்பும், வழியில் ஒரு வளைவும் வேண்டும்.

◆ மொட்டை மாடி சோலார் ஹீட்டரின் தட்டைப் பலகைக்குள் பொதுவாக ஓடுவது செம்பு. அங்கிருந்து கீழே இறங்கும் குழாய்க்கு யுபிவிசியைப் போட்டுவிடாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் அது தாங்காது.

◆ பழைய வீட்டில் ஜிஐ குழாயும் இருக்கிறதா? நீர் முதலில் ஜிஐ வழியாகவும் பிறகு செம்பு வழியாகவும் போகட்டும். வரிசை மாறினால், செம்பிலிருந்து கரைந்து வரும் நுண்துகள்கள் துத்தநாகப் பூச்சின்மேல் படிந்து ஜிஐயைத் துளைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தால் நேரடி மின்வேதி அரிப்பு நின்றுவிடும். கரைந்த செம்பை அது தடுக்காது.

◆ கடைசியாக ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பழைய கட்டடங்கள் சிலவற்றில் வீட்டின் எர்த் கம்பி உலோகத் தண்ணீர்க் குழாயோடு கட்டப்பட்டிருக்கும். நடுவில் ஒரு சாண் பிளாஸ்டிக் வைத்தாலே எர்த் அறுந்துவிடும். தண்ணீர் வழக்கம்போல வரும், விளக்கும் எரியும், எதுவுமே தெரியாது. கீசரில் மின்கசிவு வரும் நாளில்தான் ஆபத்து. செம்பையோ ஜிஐயையோ வெட்டுவதற்கு முன், பச்சைக் கம்பி எங்கே போகிறது என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.