ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வெளிநாட்டு மாப்பிள்ளை, வெளிநாட்டு மருமகள் என்பதெல்லாம் இன்று புதிதல்ல. தொழிற்பேட்டையிலும் ஐடி நிறுவனங்களிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஜெர்மனி, சிங்கப்பூர், கனடா என்று போகிறார்கள், அங்கேயே மணமுடிக்கிறார்கள். அந்த வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: “அந்த நாட்டு பாஸ்போர்ட் வாங்கிக்கலாம், ஓசிஐயும் எடுத்துக்கலாம், ரெண்டு குடியுரிமையும் இருக்கும்.” இந்தியச் சட்டப்படி இது தவறு. தவறு என்று தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, ஒருவர் விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமை பெற்றால் அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஆனால் அது அவர்கள் சட்டம், நம் சட்டம் மாறவில்லை. பழைய இந்திய பாஸ்போர்ட்டையும் தூதரகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அதில் தொடர்ந்து பயணம் செய்வது குற்றம். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை) என்பது பெயருக்குத்தான் குடிமகன்; உண்மையில் ஆயுள் முழுதும் செல்லுகிற விசா, அவ்வளவுதான். ஓட்டுரிமை கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

அப்பா அம்மா எடுக்கும் இந்த முடிவு பிள்ளைகளை எப்படித் தொடரும் என்பதற்கு ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கே சாட்சி. 1998 டிசம்பரில் பெற்றோர் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றார்கள். அப்போது குழந்தை தாயின் வயிற்றில். 1999 மார்ச்சில் பிறந்த அந்தப் பையன், வயது வந்ததும் இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்டார். மெட்ராஸ் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்ய, 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. பெற்றோர் 8ஆவது பிரிவின் கீழ் முறையாக அறிவித்துக் குடியுரிமையைத் துறந்திருந்தால்தான், பிள்ளை வயது வந்த ஓராண்டுக்குள் திரும்பக் கேட்கலாம். 9ஆவது பிரிவில் தானாகவே இழந்தவர்களின் பிள்ளைக்கு அந்த வழி இல்லை என்றது நீதிமன்றம். தாத்தா பாட்டி பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவர்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. வெளிநாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடும் ஒவ்வொரு தம்பதியும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

பெற்றோரில் ஒருவராவது இந்தியராக நீடித்தால் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை பெற வழி உண்டு. ஆனால் பிறந்து ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதித் தர வேண்டும். பிறப்பால் அந்த நாட்டுக் குடியுரிமையும் சேர்ந்து வந்திருந்தால், 18 வயது முடிந்த ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமை போகும்.

இங்கேயே வந்து குடியிருக்கும் வெளிநாட்டு மருமகள், மருமகன் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. விசா முடிந்ததைக் கவனிக்காமல் விட்டால் அவர் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் அந்த நேரத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. ஒரு தேதியை மறந்ததற்கு விலை கொடுப்பது பச்சைக் குழந்தை. 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டத்தில், விசா காலம் தாண்டித் தங்கினால் மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். சுற்றுலா விசாவில் வந்து இந்தியரை மணந்தவர் அதை எக்ஸ் (நுழைவு) விசாவாக மாற்றக் கேட்கலாம். விண்ணப்பம் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில்.

வாழ்க்கைத்துணைக்கு ஓசிஐ வேண்டுமானால் பதிவான திருமணம் தொடர்ந்து இரண்டாண்டு நீடித்திருக்க வேண்டும். ஆகவே கல்யாண மண்டபத்தோடு நிறுத்திவிடாமல் உடனே பதிவு செய்யுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. பழைய சான்றிதழில் ஒரு மாவட்டமும் புதியதில் வேறொன்றும் இருந்தால் வெளிநாட்டு அதிகாரி கேள்வி கேட்கலாம். முன்பே விளக்கம் தயாராக வைத்திருங்கள். விவாகரத்து ஆனால் திருமணத்தால் கிடைத்த ஓசிஐ ரத்தாகலாம் என்பதையும் மறைக்காமல் மருமகளிடம் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி பாஸ்போர்ட் எடுக்கக் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் பெற்று ஊர் திரும்பலாம்.

குடியுரிமை, ஓசிஐ விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கீழ் அதிகாரியின் உத்தரவை மறுபரிசீலிக்க 30 நாளுக்குள் மத்திய அரசிடம் மனு போடலாம். ஓசிஐயை ரத்து செய்யும் முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். அதன் பிறகும் உயர் நீதிமன்றம் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அழைக்க வேண்டிய எண் 15100.