கடன் போன பி.டி. பீரியட்

பத்தாம் வகுப்பு அட்டவணையில் பி.டி. பீரியட் இன்றும் இருக்கிறது. காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு அந்த நேரத்துக்கு மைதானம் பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். பிள்ளைகள் மாடியில், கணக்கு சாரிடம். ‘போர்ஷன் முடியல, இன்னிக்கு மட்டும்’ என்று வாங்கிய கடன் அது. இன்றுவரை அடைந்ததில்லை. பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். அப்போது விளையாட்டுத் துறையைக் கையில் வைத்திருந்தவரே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது.

நாற்பது வருடத்துக்கு முன்னால் டிரில் மாஸ்டரிடம் போய் இப்படிக் கேட்க எந்த வாத்தியாருக்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். பிரேயர் அவர் விசிலில்தான் தொடங்கும். லேட்டாக வருகிறவன் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். சுதந்திர தின மார்ச் பாஸ்ட், ஆண்டு விழா பிரமிடு, பாரதியார் தினப் போட்டிக்கு அணியைக் கூட்டிப் போவது, எல்லாம் அவர் தலையில். தலைமையாசிரியருக்கு அடுத்து பிள்ளைகள் பயந்தது அவருக்குத்தான்.

இந்தப் பரம்பரைக்கு ஒரு ஊற்றுக்கண் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படும் கல்லூரி. இன்று நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியுடன் போனவரும் அவரே. அந்தக் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்கள் மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிகளில் போய் அமர்ந்தார்கள். பக் தொகுத்த விளையாட்டு விதிமுறைப் புத்தகம் அவர்களுக்கு வேதம். மேட்சில் தகராறு வந்தால் அதைத் திறந்து காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது.

அந்தப் புத்தகம் இருந்த பி.டி. ரூமை அந்தக் காலத்தில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோல் கால்பந்தின் லேஸை அவிழ்த்து, பிளாடரை உள்ளே திணித்து, பம்ப் அடித்து, மறுபடி லேஸைப் பல்லைக் கடித்து இழுத்துக் கட்டவேண்டும். லேஸ் முடிச்சு நெற்றியில் பட்டால் தழும்பு நிச்சயம். மூலையில் மரத்தாலான டம்பெல், துருப்பிடித்த லெசிம், கோடு போடச் சுண்ணாம்பு வாளி. அலமாரியில் டிங்சர் அயோடின் புட்டியும் பஞ்சும். பள்ளியின் மொத்த மருத்துவ வசதியும் அந்த ஒரு புட்டிதான். முட்டி தேய்ந்தவன், பேனா நிப் குத்தியவன், வயிற்றுவலிக்காரன், எல்லோரையும் அங்கேதான் அனுப்புவார்கள்.

மாணவர் நலம் என்று அப்போது யாரும் பேசவில்லை. ஆனால் பிரேயரில் மயங்கி விழுகிற பையனைத் தூக்கிப்போய் நிழலில் கிடத்துவது டிரில் மாஸ்டர்தான். காலையில் அவன் எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று முதலில் தெரிந்துகொள்வதும் அவர்தான். எதிர் டீக்கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்து அனுப்புவார். காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் மத்தியானப் பசிக்குத்தான். காலைப் பசிக்கு 2022 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலை உணவும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாவது போன பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா என்ன?

இதையெல்லாம் சொல்லி அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கப் பார்க்கவில்லை. டிரில் மாஸ்டரின் பிரம்பு பலருக்கு இன்றும் கனவில் வரும். தண்டனை என்றாலே கிரவுண்டை ஐந்து ரவுண்டு, அல்லது வெயிலில் முட்டி போடுதல். ஓடுவதையே தண்டனையாக்கியதில் ஓட்டத்தை வெறுத்தவர்கள் ஒரு தலைமுறை. பெண் பிள்ளைகளுக்கு ரிங் பால்; அதுவும் ஒன்பதாவது வந்துவிட்டால் மரத்தடியில் உட்கார்ந்து பேச்சு. மாதவிடாய் நாளில் ‘உடம்பு சரியில்லை சார்’ என்று சொல்வதற்குள் தலை குனிந்துவிடும். போலியோவில் கால் சூம்பிய பையனுக்கு ஒரே வேலை, விளையாடுகிறவர்களின் பைகளுக்குக் காவல். அவனுக்கு என்ன விளையாட்டு சொல்லித்தரலாம் என்று சிந்திக்க அந்த வாத்தியாருக்கு எந்தப் பயிற்சியும் கிடைத்திருக்கவில்லை.

இன்று அந்த அவமானங்களில் பாதியாவது போயிருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்தது. தமிழக அரசின் புது யுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசம். இரும்புச்சத்துக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. குடற்புழு நீக்கத்துக்கு அல்பெண்டசோல். பிறவிக் குறைபாடு, பார்வைக் கோளாறு என்று கண்டுபிடிக்க 2013 முதல் மருத்துவக் குழு வண்டியில் வருகிறது. பள்ளிச் சுவரில் 14417, 1098 என்ற உதவி எண்கள் எழுதியிருக்கின்றன. மனம் விட்டுப் பேச 14416. பள்ளிக்கு இரண்டு ஆசிரியரை நலத்தூதுவராக்கி, 11 தலைப்புகளில் பாடம் நடத்தச் சொல்லும் மத்தியத் திட்டம் 2020-இல் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழு பிரிக்கும் மகிழ் முற்றமும் இருக்கிறது. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. இவை தேவையில்லை என்றும் சொல்லிவிட முடியாது: 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

செய்ய ஆள் எங்கே என்பதுதான் கேள்வி. பிரம்பைப் பிடுங்கிய அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் ஓவியம், சுகாதாரம் மற்றும் உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. பகுதிநேரம்! அதை வைத்து 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். உடற்கல்விக்காரர்களும் அதில் உண்டு. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். தொகை பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடுவதும் வருடா வருடம் நடக்கிறது. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். இப்போது இரண்டு வருடப் படிப்பு. இரண்டு வருடம் படித்தவனுக்கு அரை நாள் வேலை கொடுத்தால், மீதி அரை நாள் அவன் ஜிம்மிலோ கடையிலோதான் நிற்பான்.

நிரந்தர வேலையில் இருப்பவர் நிலையும் பெரிதாக மேல் இல்லை. எடையும் உயரமும் எடுக்கிற நாள் ஒன்றைப் பாருங்கள். சுவரில் ஒட்டிய இஞ்ச் டேப். கீழே ஆடுகிற எடை மெஷின். நாற்பது பிள்ளைகள் வரிசையில். ஒருவன் ஏறி நின்று மூச்சை இழுத்துப் பிடிக்கிறான், பின்னால் சிரிப்பு. குண்டாக இருக்கிற பெண் எண்ணை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று குறுக்கே நிற்கிறாள். ஆசிரியர் செல்போனைக் கையால் மறைத்து, வெயிலில் திரை தெரியாமல் கண்ணை இடுக்கி பள்ளித் தகவல்களைப் பதியும் எமிஸ் செயலியில் ஏற்றுகிறார். சர்வர் சுற்றுகிறது. மணி அடித்துவிடுகிறது. அன்றைய பி.டி. பீரியட் முடிந்தது, ஒரு பிள்ளையும் ஓடவில்லை. ஆரோக்கியத்தைப் பதிவு செய்வதற்கு ஆரோக்கியம் தருகிற நேரமே செலவாகிவிட்டது.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் இயங்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சி.பி.எஸ்.இ. 2018-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தினம் ஒரு உடற்கல்வி பீரியட் கட்டாயம் என்று சொன்னது. பதிவேட்டில் அது நிறைவேறியும் இருக்கும்.

கற்றுக்கொள்வதற்கான வசதி இன்று அபாரம், அதை மறுக்கமாட்டேன். விதி மாறினால் அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. சிலம்பமோ யோகாவோ, வீடியோ பார்த்துப் பழகலாம். ஆனால் பாடமாக எழுதி வைக்கும் விஷயத்தில் இலங்கை நமக்கு முன்னால் இருக்கிறது. அங்கே ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ தமிழில் பாடநூல் உள்ள தனிப் பாடம். சாதாரண தரப் பரீட்சைக்கும் எடுக்கலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதலுதவியையும் கைப்பந்து விதியையும் ஒரே புத்தகத்தில் படிக்கிறது. பரீட்சை வைத்தால் அதையும் மனப்பாடம் செய்வார்களே என்று இங்கே சிலர் கேட்கலாம். நியாயமான பயம்தான்.

ஏனென்றால் பி.டி. சாரின் பலமே அவர் கையில் மார்க் இல்லை என்பதில்தான். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடாத ஒரே வாத்தியாரிடம் பிள்ளைகள் வேறு மாதிரிப் பேசுவார்கள். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பது, பஸ்ஸில் ஒருவன் தொல்லை கொடுப்பது, படிப்பு ஏறவில்லை என்பது, எல்லாம் வலை கட்டும்போதும் பந்து பொறுக்கும்போதும் வெளியே வரும். 14416-ஐ அழைக்கிற பிள்ளை ஏற்கெனவே தாங்கமுடியாத இடத்துக்கு வந்துவிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே அந்தப் பிள்ளை விளையாட வராமல் ஒதுங்கி உட்கார்ந்ததைக் கவனித்திருக்கக்கூடியவர் மைதானத்தில் நிற்கிற ஆசிரியர். வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் வருகிறவர் கண்ணில் அது எப்படிப் படும்?

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர் ரிசல்ட் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட வேண்டாம். போன மாதம் நம் பிள்ளை வகுப்புக்கு எத்தனை பி.டி. பீரியட் நடந்தது, முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இடம் காலியா, காலி என்றால் எப்போதிலிருந்து என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.