எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வு: பழுதறிதலும் மாற்றுதலும்

தோட்டப்புறங்களில் இன்று மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும், பட்டணத்தில் சாமான்கள் வாங்கி வருவதற்கும், நள்ளிரவில் நோயுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் அதுவே துணை. பலர் பிறர் ஓட்டிய பழைய வண்டியை வாங்கித் தவணை கட்டி வருகின்றனர். தொடர்மழையால் பால்வெட்டு நின்றுபோன மாதத்தில் வருமானம் குறையும். வண்டியின் பழுதோ அந்த மாதம் பார்த்து ஒதுங்கிக்கொள்வதில்லை. ஆகவே, எந்தப் பழுதுக்கு உண்மையில் பணம் செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை அறிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நன்மை தரும்.

இக்காலத்து வண்டிகளில் அடிக்கடி பேசப்படும் ஒரு சிறு உறுப்பு எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வு. பட்டறைகளில் இதனை 'ஓசிவி' என்று சுருக்கிக் கூறுவர். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தவுடன் 'வால்வு போய்விட்டது' என்ற தீர்ப்பு வருகிறது. புதிய வால்வும் பொருத்தப்படுகிறது. சில வாரங்களில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. இவ்வாறு நேர்வதன் காரணம் என்ன? வால்வு செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் விடை தானே விளங்கும்.

காலத்தில் திறக்கும் கதவுகள்

பால்வெட்டும் தொழிலாளர் பொழுது புலர்வதற்கு முன்பே மரத்தடிக்குச் செல்கின்றனர். அவ்வேளையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏறிய பின்னர் அதே கத்தியால் அதே மரத்தை வெட்டினாலும் அவ்வளவு பால் கிடைப்பதில்லை. எஞ்சினிலும் காலம் அத்துணை முக்கியமானது.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றும் பெட்ரோலும் நுழைவதற்கு ஒருவகை வால்வும், எரிந்த புகை வெளியேறுவதற்கு மற்றொரு வகை வால்வும் உள்ளன. இவற்றைத் திறப்பது கேம்ஷாஃப்ட் எனப்படும் சுழல்தண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. வண்டி நின்றவாறு மெல்ல ஓடும்போது உள்ளிழுக்கும் வால்வு சற்றுப் பிந்தித் திறந்தால் எஞ்சின் அமைதியாக ஓடும். மேடு ஏறும்போது அது சற்று முந்தித் திறந்தால் இழுவை கூடும். பழைய எஞ்சின்களில் இந்நேரத்தை மாற்ற வழியில்லை. தொழிற்சாலையில் அமைத்த நேரமே கடைசிவரை நிலைத்திருந்தது.

இக்குறையை நீக்க வந்ததே மாறும் வால்வு நேர அமைப்பு. 1980ஆம் ஆண்டில் இத்தாலியின் அல்ஃபா ரோமியோ நிறுவனம் தனது ஸ்பைடர் வண்டியில் இத்தகைய அமைப்பைப் பொருத்தியது. டொயோட்டா நிறுவனம் 1995இல் 'விவிடி-ஐ' என்னும் தனது அமைப்பை அறிமுகப்படுத்தியது. நம் நாட்டில் 1994இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சிலில் இவ்வசதி இல்லை. 2005இல் வெளிவந்த மைவியின் 1.3 லிட்டர் எஞ்சினிலோ 'டிவிவிடி' என்ற பெயரில் இது இடம்பெற்றது. இன்று தோட்டங்களில் ஓடும் வண்டிகள் பலவற்றில் இந்த அமைப்பு உண்டு.

எண்ணெயே தள்ளும் கை

கேம்ஷாஃப்டின் முனையில் உள்ள பற்சக்கரத்தினுள் சிறு அறைகள் அமைந்துள்ளன. ஒருபுற அறைகளில் எஞ்சின் எண்ணெய் அழுத்தத்துடன் புகுந்தால் தண்டு சற்று முன்னே திரும்பும். மறுபுற அறைகளில் புகுந்தால் பின்னே திரும்பும். எந்தப் பக்கம் எண்ணெயை விடுவது என்று முறைப்படுத்துவதே எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வின் வேலை. வாய்க்கால் மடையைத் திறந்து நீரை இப்பாத்திக்கும் அப்பாத்திக்கும் திருப்பிவிடுவதைப் போன்றது இது.

வால்வின் ஒரு முனையில் மின்கம்பிச் சுருள் இருக்கிறது. மறுமுனையில் துளைகள் கொண்ட உலோகக் குழலும், அதனுள் நகரும் மெல்லிய தண்டும் உள்ளன. எஞ்சினின் கணினி அனுப்பும் மின்துடிப்புக்கு ஏற்பத் தண்டு நகர்ந்து, எண்ணெய் செல்லும் துளையை மாற்றுகிறது. மின்சாரம் நின்றால் ஒரு சுருள்வில் அதனைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். தண்டுக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகமிக நுண்ணியது. இதனால் கெட்டிப்பட்ட எண்ணெய்க் கசடோ சிறு உலோகத் துகளோ அதில் சிக்கினால் தண்டு அசையாது நின்றுவிடும்.

கட்டளையிடுவது கணினியே ஆயினும், தள்ளும் பலம் எண்ணெயினுடையது. எண்ணெய் குறைந்தாலும், கெட்டாலும், வடிகட்டி அடைத்தாலும் புத்தம்புதிய வால்வினாலும் பயனில்லை. புதிய வால்வு போட்ட பின்னரும் விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பழுதின் அறிகுறிகள்

தண்டு முந்திய நிலையில் சிக்கிக்கொண்டால், வண்டி நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். சமிக்ஞை விளக்கருகே நிறுத்தியதும் அணைந்தும் போகலாம். பிந்திய நிலையில் சிக்கினால், மேட்டில் இழுவை குறையும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். வால்வு அமர்ந்திருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்தால், அதன் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

சோதனைக் கருவியில் தோன்றும் எண்களுக்கும் பொருளுண்டு. 'பி 0010' என்பது வால்வின் மின்சுற்றில் குறை இருப்பதைக் காட்டும். 'பி 0011' என்றால் நேரம் அளவுக்கு மீறி முந்தியுள்ளது. 'பி 0012' என்றால் அளவுக்கு மீறிப் பிந்தியுள்ளது. பின்னிரண்டு எண்களும் 'வால்வை மாற்று' என்னும் கட்டளைகள் அல்ல. எண்ணெய்க் குறைவு, அடைப்பு, தளர்ந்த நேரச்சங்கிலி ஆகியவற்றாலும் அவை தோன்றலாம்.

மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால், வண்டி ஓரளவு சீராக ஓடுமாயின், மெதுவாகப் பட்டறை வரை செல்லலாம். எண்ணெய்ச் சாடி வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு கல் தூரம்கூட ஓட்டலாகாது. உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். எண்ணெய் அழுத்தமின்றி ஓடும் எஞ்சின் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும்.

வால்வைக் குறை கூறுமுன்

முதலாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் சென்றபின் அளவுகோலை இழுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் உரிய எண்ணெயை ஊற்ற வேண்டும். எண்ணெய் மாற்றும் காலம் கடந்திருந்தால், எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் முதலில் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவதாக, வால்வின் மின்இணைப்பைப் பார்க்க வேண்டும். எலி கடித்த கம்பியும், எண்ணெய் ஊறிய இணைப்பும் வால்வைப் பழுதானதுபோல் காட்டிவிடும்.

மூன்றாவதாக, மின்தடை அளக்கும் மீட்டர் இருந்தால் வால்வின் இரு முனைகளுக்கிடையே அளக்கலாம். டொயோட்டாவின் 1.5 லிட்டர் 1என்இசட்-எஃப்இ எஞ்சினில் 20 பாகை வெப்பத்தில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். மற்ற எஞ்சின்களுக்குரிய அளவை அவற்றின் பழுதுபார்ப்பு நூலில் காணலாம். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் உள்ளிருக்கும் சுருள் அறுந்துவிட்டது. அப்போது மட்டும் வேறு ஆராய்ச்சி வேண்டாம், வால்வை மாற்றவே வேண்டும்.

கழற்றும் முறை

எஞ்சின் நன்கு ஆறியபின் வேலையைத் தொடங்க வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். வால்வு பெரும்பாலும் எஞ்சின் தலையில், நேரச்சங்கிலி இருக்கும் பக்கத்தில் அமைந்திருக்கும். சில வண்டிகளில் இரண்டு வால்வுகள் உண்டு. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்திவிடாதபடி அடையாளம் இட்டுக்கொள்வது நல்லது.

வால்வைச் சுற்றியுள்ள தூசியையும் செம்மண்ணையும் முதலில் துடைத்தெடுக்க வேண்டும். இதனைச் சிறு வேலையென எண்ணித் தவிர்க்கலாகாது. வால்வை உருவியதும் அத்துளை எஞ்சினுக்குள் செல்லும் வாசலாகிவிடும். வெளியே கிடக்கும் மணல் அவ்வழியே விழுந்தால் புதிய வால்வே முதலில் பழுதாகும்.

மின்இணைப்பின் பூட்டை அழுத்திக்கொண்டு அதனைப் பிரிக்க வேண்டும்; கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. அடுத்து, வால்வைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் இதற்கு 10 எண் ஸ்பானர் போதும். பின்னர் வால்வை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, நேராக இழுக்க வேண்டும். இறுகியிருந்தால் பிளாஸ்டிக் முனையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பலாகாது. முனை உடைந்து, வால்வின் பாதி உள்ளேயே தங்கிவிடும். சிறிது எண்ணெய் வடியும். அதற்குத் துணி வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்வுடன் ரப்பர் வளையமும் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அது துளையினுள் ஒட்டியிருக்கும்; அதனை எடுத்துவிட வேண்டும். சில எஞ்சின்களில் வால்வுக்குச் செல்லும் எண்ணெய்ப் பாதையில் சிறிய கம்பிவலை வடிகட்டி தனியே உண்டு. பால் நிலையத்தில் மரப்பட்டையையும் கட்டிகளையும் வலை தடுத்து நிறுத்துவதைப் போல, இது கசடுகளைத் தடுக்கிறது. அடைத்திருந்தால் அதையும் கழுவவோ மாற்றவோ வேண்டும்.

கழற்றிய வால்வைத் துப்புரவுத் திரவத்தால் கழுவி, 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தை ஓரிரு நொடி மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். தண்டு 'டக்' என்று நகர்ந்து, மின்சாரத்தை எடுத்ததும் திரும்பினால், வால்வு நன்றாகவே இருக்கிறது. அதனையே திரும்பப் பொருத்தலாம். நெடுநேரம் மின்சாரம் கொடுத்தால் சுருள் வெந்துவிடும். துப்புரவுத் திரவம் தீப்பற்றக்கூடியது. அது உலர்ந்த பின்னரே, திறந்த வெளியில் இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

பொருத்தும் முறை

புதிய வால்வு வாங்கினால் பழையதன் உறுப்பு எண்ணோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். ரப்பர் வளையம் எப்போதும் புதியதாக இருக்க வேண்டும். நம் மரங்களில் வடியும் பாலிலிருந்து செய்யப்படும் இயற்கை ரப்பர் டயருக்கும் கையுறைக்கும் மிகச் சிறந்ததே; எனினும் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பிப்போகும். அதனால் இவ்விடத்தில் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் வளையமே பயன்படுகிறது. கையில் கிடைத்த வளையத்தை மாட்டினால் விரைவில் கசிவு தோன்றும்.

வளையத்தின்மீது புதிய எஞ்சின் எண்ணெயைத் தடவி, வால்வை நேராகக் கையாலேயே அழுத்தி அமர்த்த வேண்டும். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை. போல்ட்டை முதலில் விரலால் திருகி, பின்னர் ஸ்பானரால் அளவாக இறுக்க வேண்டும். எஞ்சின் தலை அலுமினியத்தால் ஆனது. முழுப் பலத்தையும் காட்டினால் அதன் மரை கிழிந்து, சிறு வேலை பெருஞ்செலவாகிவிடும். மின்இணைப்பையும் பேட்டரியையும் மாட்டி, எண்ணெய் மட்டத்தை மீண்டும் பார்த்து, எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு உண்டா என்று கவனிக்க வேண்டும். இறுதியாகச் சோதனைக் கருவியால் பழைய பழுது எண்ணை அழித்துவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியை நாமே கழற்றலாகாது. பட்டறையில் விட்டால், கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்வது வண்டி உரிமையாளரின் உரிமை.

வருமுன் காத்தல்

தோட்ட வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு அடைவதில்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து கசடாகின்றன. செம்மண் சாலையின் தூசியும் சேர்ந்தால் எண்ணெய் இன்னும் விரைவில் கெடும். 'வண்டி அதிகம் ஓடவில்லையே' என்று எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். கைந்நூலில் குறித்துள்ள தூரம், மாதம் ஆகிய இரண்டில் எது முந்தி வருகிறதோ அப்போதே மாற்றுவதுதான் முறை. எண்ணெயின் தடிப்பும் அந்நூலில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

மாற்றிய பழைய எண்ணெயைக் கால்வாயிலோ மரத்தடியிலோ கொட்டுதல் கூடாது. 2005ஆம் ஆண்டின் கழிவுப்பொருள் விதிமுறைகள் அதனை அபாயக் கழிவு வகையில் சேர்த்துள்ளன. மூடியுள்ள கலனில் ஊற்றி, அதனைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

வால்வை மாற்றுவது அரைமணி நேர வேலை. அதற்குமுன் அளவுகோலை இழுத்து எண்ணெயைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. இவ்விரண்டில் முதலில் செய்ய வேண்டியது அந்த ஒரு நிமிட வேலையே. அதை வாரம் ஒருமுறை செய்துவரும் குடும்பத்துக்கு, அவசரமான இரவொன்றில் வண்டி கைகொடுக்கும்.