எதை எண்ணுகிறோம்? நிரல் அளவும் தமிழ் எழுத்தும்

தொல்காப்பியத்தில் நூற்பாக்கள் எத்தனை? இளம்பூரணர் பகுப்பின்படி 1595. நச்சினார்க்கினியர் பகுப்பின்படி 1611. நூல் ஒன்றே. ஒரு நூற்பா எங்கே முடிகிறது என்பதில் உரையாசிரியர்கள் வேறுபட்டமையால் எண்ணும் வேறுபட்டது. கிளமெண்டியில் நிகழ்ந்த இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருளும் இத்தகையதே. கணினி நிரல்களை ஆராயும் கருவியொன்றில் அளவுப் புள்ளிவிவரங்களைச் சேர்க்கும்போது எதனை அலகாகக் கொள்வது?

எளிய அலகு வரி. எனினும் நிரலின் வரிகள் ஒருதன்மையன அல்ல. கணினிக்குக் கட்டளையிடும் வரி, படிப்பவருக்காக எழுதப்பெறும் குறிப்புரை வரி, வெற்று வரி என அவை மூவகைப்படும். ஆதலால், நல்ல கருவி இவற்றைத் தனித்தனியே எண்ணிக் காட்டும். நூறு வரி நிரலில் குறிப்புரை முப்பது, வெற்று வரி இருபது எனில், கட்டளை வரி ஐம்பதே. மேலும், ஒரே கட்டளை இரண்டு வரிகளில் மடங்கி வருவதும் உண்டு. திருக்குறளைக் குறளாக எண்ணினால் 1330, அடியாக எண்ணினால் 2660, சீராக எண்ணினால் 9310. மூன்றும் மெய்யே, அலகைக் கூறாத எண்ணே பொருளற்றது.

எழுத்தை எண்ணப் புகும்போது தமிழுக்கு உரிய சிக்கல் எழுகின்றது. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் திரையில் காட்டுவதற்கான கட்டளை 'பதிப்பி'. ப, தி, ப், பி என இதில் எழுத்துகள் நான்கு. ஒருங்குறியிலோ உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். எனவே அங்கு ஏழு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு ஆதலால் மொத்தம் இருபத்தொன்று. இதற்கு நிகரான 'பிரிண்ட்' என்னும் ஆங்கிலக் கட்டளை, ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, ஐந்து பைட்டு. எழுத்தால் குறுகிய தமிழ்ச் சொல் பைட்டால் நான்கு மடங்குக்கும் மேல் நீண்டுவிடுகின்றது.

தீர்வு கடினமன்று. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் விட்டு, எஞ்சிய தமிழ்க் குறியீடுகளை மட்டும் எண்ணினால் எழுத்துத்தொகை கிடைக்கும். 'கொ' என்பதன் குறி ஒரே குறியீடாகவோ இரண்டாகவோ பதிவாகியிருப்பினும் இவ்விதி பிறழாது. 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியவற்றிற்கு மட்டும் தனி விதி வேண்டும்.

ஆசிரியர்கள் இதனைக் கருதவேண்டிய காரணம் ஒன்றுண்டு. பைட்டையே எழுத்தெனக் கொள்ளும் கருவி, தமிழில் பெயரும் குறிப்புரையும் எழுதிய மாணவரிடம் 'உன் வரி மிக நீண்டது' என்று பிழை கூறும். பிழை கருவியினுடையது, ஆனால் கைவிடப்படுவது தமிழாகிவிடும்.

1997இல் இந்நகரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது, தமிழைக் கணினியில் எவ்வாறு குறியேற்றுவது என்பது பெருவினாவாக இருந்தது. குறியேற்றம் இன்று நிலைபெற்றுவிட்டது. அதனைச் சரியாக எண்ணக் கற்பிப்பது நம் பணி. மாணவர்களே, எந்தக் கருவி எந்த எண்ணைக் காட்டினும் முதலில் கேளுங்கள்: இது எதன் எண்ணிக்கை?